நூற்றுக்குக் குறையாத காற்று

உலக நாகரிகத்துக்கு எங்கள் பொலிவியா கொடுத்த கொடைகள் மூன்று. முதலாவது உருளைக்கிழங்கு. இரண்டாவது வெள்ளீயம். மூன்றாவது, சான் ஹசிந்தோ வெள்ளீயக் கம்பெனியின் 'காற்றழுத்த அலகுகள் ஒருங்கிணைப்புக் குழு'. முதலாவதை உலகம் வறுத்துத் தின்றது, இரண்டாவதை உருக்கி டப்பா செய்தது. மூன்றாவதன் அருமை மட்டும் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. அந்தக் குழுவின் செயலாளராகப் பதினொரு மாதம் நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் நான். எனவே அதன் புகழைப் பரப்பும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது.

என் பெயர் செவேரோ உகார்த்தே. கையெழுத்து அழகாக இருக்கும். குழுவில் என்னைச் சேர்த்ததற்கு வேறு காரணம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

குழுவின் தலைவர் இஞ்சினியர் ரோமுலோ ஆர்செ. எதையும் பார்த்த மாத்திரத்தில் அதற்கு ஒரு எண் கொடுக்கக் கூடியவர். உறுப்பினர் நிர்வாக அதிகாரி தோன் சென்தேனோ ('தோன்' எங்கள் ஊர் மரியாதைச் சொல், பெண்களுக்குத் 'தோன்யா'). இஞ்சினியர் கொடுத்த எண்ணைப் பார்த்ததும் அதை ஆமோதிக்கக் கூடியவர். இப்படி அறிவும் ஆமோதிப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்த குழுவை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

குழு பிறந்த கதையைச் சொல்கிறேன். எங்கள் சுரங்கத்துக்கு மேலிருந்து கீழாக நான்கு தளங்கள். நான்காம் தளத்தில் வேலை செய்பவர்கள் நெடுநாளாக ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே கார்பைடு விளக்கின் சுடர் சிறுத்துப்போகிறதாம், வெடி வைத்த பிறகு புகை போகவே மாட்டேன் என்கிறதாம், தலை வலிக்கிறதாம். இஞ்சினியர் ஆர்செ கருணை கொண்டு, கடற்கரை நாடு ஒன்றின் விலைப்பட்டியலைப் பார்த்து, ஒரு ராட்சத விசிறியைத் தருவித்தார். கெட்ட காற்றைச் சுரங்கத்திலிருந்து உறிஞ்சி வெளியே தள்ளுகிற விசிறி. பட்டியலில் அதன் அழுத்தம் 'நான்கு அங்குலம்' என்று போட்டிருந்தது. அது ரயிலில் வந்து, லாரியில் ஏறி, கடைசியில் நாலாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் எங்கள் கொட்டகையில் வந்து உட்கார்ந்தது.

அங்குலத்தில் அழுத்தமா என்று பாமரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். விசிறிக் கொட்டகையின் சுவரில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு கைகளிலும் தண்ணீர். விசிறி உறிஞ்சும்போது ஒரு கையில் தண்ணீர் ஏறும், மற்றதில் இறங்கும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு உயர வித்தியாசமோ, அதுதான் விசிறியின் இழுவை, அதாவது அழுத்தம். விசிறி செய்தவர்கள் அதை அங்குலத்தில் சொன்னார்கள். எங்கள் சுரங்க விதி மில்லிமீட்டரில் சொன்னது: 'நூறு மில்லிமீட்டருக்குக் குறையலாகாது'. தலைநகரிலிருந்து புதிதாக வந்த சுற்றறிக்கையோ பாஸ்கல் என்ற அலகைச் சிபாரிசு செய்தது. ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது பத்து பாஸ்கலுக்குக் கொஞ்சம் குறைச்சல். மூன்று அலகும் ஒரே காற்றைத்தான் சொல்கின்றன. ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயரும் ஆபீசில் ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிதான்.

இவை போதாதென்று நான்காவதாக ஓர் அலகும் புழக்கத்தில் இருந்தது. அதை வைத்திருந்தவர் விசிறியைப் பார்த்துக்கொள்ளும் தோன்யா எமெத்தேரியா. தலையில் வட்டத் தொப்பி, தோளில் போர்வை, கன்னத்தில், களைப்புக்கு மெல்லுகிற கோக்கா இலை. இரண்டாம் தளத்தின் வாசலில் காற்றுக் கதவு ஒன்று உண்டு. விசிறி நன்றாக இழுத்தால் அந்தக் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், திறக்கப் பல பேர் தோள் கொடுக்க வேண்டும். இந்த அம்மாள் காற்றை 'தோள்' கணக்கில் அளந்தார்.

விசிறி ஓடத் தொடங்கிய அன்று இஞ்சினியர் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.

"நாலு அங்குலம்னா நூறு மில்லிமீட்டர் வரணுமே! குழாய் கெட்டுப்போச்சா?"

"குழாய் நல்லாத்தான் இருக்கு இஞ்சினியர்," என்றார் எமெத்தேரியா. "கதவும் அதையேதான் சொல்லுது. மூணு தோள் கேக்கணும், ரெண்டுதான் கேக்குது."

"தோளா? அது என்னம்மா அலகு?"

"எங்க வீட்டுக்காரரு தோளு. நாலாந்தளத்துல வேலை. அவரும் இன்னொருத்தரும் தள்ளுனா கதவு தெறந்துக்குது. நம்ம ஊர்க் காத்து மெலிசு இஞ்சினியர். மெலிசான காத்த எம்புட்டு இழுத்தாலும் அம்புட்டுத்தான் வரும்."

ஒரு கூலிக்காரப் பெண் விசிறியைப் பற்றிக் கருத்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஒரு இஞ்சினியர் சும்மா இருக்க முடியுமா? அன்று மாலையே குழு அமைக்கப்பட்டது.

முதல் கூட்டம் காலை பத்து மணிக்கு, சால்தேன்யா என்கிற சூடான இறைச்சிப் பலகாரத்துடன் தொடங்கியது. அதைக் கடித்தால் உள்ளிருக்கும் குழம்பு சட்டையில் வழியும் என்பதால் முதல் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தோன் சென்தேனோ விலைப்பட்டியலைப் புரட்டினார். அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் உரக்கப் படித்தேன்: "மேற்கண்ட அழுத்தம் கடல் மட்டத்துக்குரியது."

எங்கள் நாட்டில் 'கடல்' என்ற சொல்லை யாரும் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு யுத்தத்தில் கடலைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் அதற்காக ஊர்வலம் போகிறோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழுகிறார்கள், ஏரியில் ஓட்டுவதற்குக் கடற்படைகூட வைத்திருக்கிறோம்.

"அப்படின்னா," என்றார் தோன் சென்தேனோ கண் கலங்கி, "விசிறி மேல தப்பில்ல."

"ஒரு தப்பும் இல்ல," என்றார் இஞ்சினியர். "நம்ம கடல் நம்மகிட்ட இருந்திருந்தா இது நூறு காட்டியிருக்கும்."

"கடல் கெடச்சதும் காட்டும்."

"காட்டித்தானே ஆகணும்!"

'கடல் மீட்கப்படும் நாளில் விசிறி விதிப்படி இயங்கும் எனக் குழு உறுதி கூறுகிறது' என்று நான் எழுதினேன். மூவரும் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டோம்.

ஆனால் தலைநகரிலிருந்து சோதனைப் படிவம் வரும் நாள் நெருங்கியது. கடல் வருவதற்கான அறிகுறி எதுவும் இல்லை. இதற்கிடையே திருவிழாச் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று எங்கள் பக்கத்தில் வீடு, லாரி, தையல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் பூத்தூவி, காகித ரிப்பன் கட்டி, பூமித் தாய்க்குச் சாராயம் தெளிப்பார்கள். விசிறிக்கும் தெளிக்க வேண்டுமென்று இஞ்சினியர் ஆசைப்பட்டார். தொழிலாளிகளோடு கலந்து பழகுகிறவர் என்று பெயர் எடுக்கும் ஆசை. எமெத்தேரியா கொட்டகை வாசலில் தரையில் நாலு சொட்டு விட்டார். இஞ்சினியர் பாட்டிலோடு நேரே கண்ணாடிக் குழாயிடம் போனார்.

"தரையில ஊத்துங்க இஞ்சினியர். பூமித் தாய் தரையில இருக்கா, குழாய்க்குள்ள இல்ல."

"விசிறிக்கு உயிரே இங்கதாம்மா இருக்கு," என்று சொல்லி, அவர் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுக் குழாய் நிறையக் கலப்படமில்லாத சாராயத்தை ஊற்றினார்.

சாராயம் தண்ணீரைவிட லேசு. அதே இழுவைக்கு அது இன்னும் உயரம் ஏறும். அறுபத்திரண்டு இருந்த இடத்தில் எழுபத்தேழு! விசிறி துளிகூடக் கூடுதலாகச் சுற்றவில்லை. ஆனால் கைதட்டல் கொட்டகையை அதிர வைத்தது. "பக்தியால பதினஞ்சு ஏறியிருக்கு!" என்று தோன் சென்தேனோ என் காதில் கத்தினார். "குளிர்காலத்துல உறையவும் உறையாது!" 'பாரம்பரியமும் தொழில்நுட்பமும் கைகோத்ததன் விளைவு' என்று நான் குறிப்பெழுதினேன். எமெத்தேரியா மட்டும் படியிறங்கிப் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டு தோளுதான்," என்றார்.

அடுத்த வாரம் அவருடைய கணவர் ஹிலாரியோன் கோல்க்கே அலுவலகத்துக்கு வந்தார். குட்டையான மனிதர், அகலத் தோள்கள். வாசலிலேயே தலைக்கவசத்தைக் கழற்றி, அதற்குள்ளிருந்து நாலாக மடித்த நாலு பக்க மனுவை எடுத்தார். தானே எழுதியது. நான் அதுவரை படித்த எந்த மனுவிலும் இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு எத்தனை விளக்கு அணைந்தது, யார் வாந்தி எடுத்தார்கள், வெடிப் புகை போக எத்தனை கோக்கா மெல்லும் நேரம் ஆனது என்று எல்லாம் இருந்தது.

"தோன் செவேரோ, நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு. இதுல தப்பு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

"தப்பெல்லாம் இல்ல ஹிலாரியோன். ஆனா விளக்கு 'சிறுத்துப்போச்சு'ன்னு எழுதியிருக்கீங்களே, எவ்வளவு சிறுத்துச்சு? அலகு வேணும்."

அவர் சுண்டுவிரலை நீட்டி, நகத்தின் பாதியைக் காட்டினார். "இம்புட்டு. கல்யாணமான புதுசுல சுடரு இந்த நகம் முழுசும் இருந்துச்சு," என்று சொல்லிச் சிரித்தார். "எழுதிக்கிறீங்களா?"

நானும் சிரித்தேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் குழுவின் பதிலை நான்தான் எழுதினேன்: 'மனுதாரர் சுடரின் உயரத்தை அங்கீகரிக்கப்பட்ட அலகில் தெரிவித்தால் பரிசீலிக்கப்படும்.' என் கையெழுத்தின் அழகைப் பார்த்து அவர் அதை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

சோதனைப் படிவம் வந்தது. குழு அவசரமாகக் கூடியது. படிவத்தில் நீளமாக ஒரு கோடு, அதற்கு முன்னால் 'அழுத்தம்' என்ற ஒரே வார்த்தை. பக்கத்துக் கட்டத்தில் 'விதிப்படி குறைந்தபட்சம்: 100' என்று அச்சடித்திருந்தார்கள். நூறு என்ன என்று போடவில்லை.

"எழுபத்தேழுன்னு எழுதுனா தொலைஞ்சோம்," என்றார் தோன் சென்தேனோ.

இஞ்சினியர் கண்ணை மூடினார். மேதைகள் அப்படித்தான் மூடுவார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்: "செவேரோ, இப்ப தலைநகரம் எந்த அலகச் சிபாரிசு பண்ணுது?"

"பாஸ்கல், இஞ்சினியர்."

"அப்ப நாம மட்டும் எதுக்குப் பழைய மில்லிமீட்டரக் கட்டிக்கிட்டு அழணும்? நவீனமா இருப்போமே! எழுபத்தேழு மில்லிமீட்டர் எத்தன பாஸ்கல்?"

நான் பெருக்கினேன். எழுநூற்று ஐம்பத்தைந்து.

எழுநூற்று ஐம்பத்தைந்து! மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலையில் கடனாளியாக எழுந்து மத்தியானம் கனவானாக மாறியவனின் நிம்மதி எங்கள் முகத்தில் இருந்தது. இத்தனைக்கும் விசிறியை யாரும் தொடவில்லை. கோட்டின் மேல் அந்த எண்ணை என் வாழ்நாளின் மிக அழகான எழுத்தில் எழுதினேன். அருகே அலகைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார் தோன் சென்தேனோ. "அவங்களே சிபாரிசு பண்ணின அலகு. அவங்களுக்குத் தெரியாதா?"

மூன்று வாரத்தில் தந்தி வந்தது. 'விதியைவிட ஏழரை மடங்கு அழுத்தம். மலைநாட்டுக்கே பெருமை. பாராட்டுகள்.' அதைச் சட்டம் போட்டு மாட்டினோம். இசைக்குழு வந்து வாசித்தது. சுரங்கக் கழிவு மேட்டிலெல்லாம் குழந்தைகள் ஆடினார்கள்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது தந்தி வந்தது. அதைச் சட்டம் போட வழியில்லை. 'தேவை நூறு. தாங்கள் தருவது 755. மிகையான அழுத்தம் மின்சார விரயம். உடனே நூறாகக் குறைத்து அறிக்கை அனுப்பவும்.'

நூறு பாஸ்கல் என்றால் பத்து மில்லிமீட்டர். நூறு மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் பத்து. இது எங்களுக்குத் தெரியாது என்று யாராவது நினைத்தால் எங்கள் படிப்பை அவமதிக்கிறார்கள். எங்கள் மூவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் அரை மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்று சால்தேன்யாகூட இல்லை.

"அலகு வேறன்னு சொல்லிடலாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"சொல்லி?" என்றார் இஞ்சினியர். "பாராட்டுத் தந்தியத் திருப்பி அனுப்புவீங்களா? இசைக்குழு வாசிச்சத என்ன பண்ணுவீங்க?"

"விதியில நூறு. படிவத்துல நூறு. தந்தியில நூறு," என்று விரல் விட்டு எண்ணினார் தோன் சென்தேனோ. "நாமளும் நூறு வைக்கிறோம். இதுல எங்க இருக்கு தப்பு?"

விசிறியின் வாயில் ஓர் அடைப்புப் பலகை உண்டு. பக்கத்திலுள்ள சக்கரத்தைத் திருகினால் அது மூடிக்கொண்டே வரும். அன்று மத்தியானம் மூவரும் கொட்டகைக்குப் போனோம். இஞ்சினியர் தந்தியைப் படித்துக் காட்டி, குழாயில் பத்து நிற்கும்வரை மூடச் சொன்னார்.

"பத்துக்கு எறக்கவா?" எமெத்தேரியா எழுந்துவிட்டார். "எழுபத்தேழே பொய்யி. அதுலேருந்து பத்தா? கீழ ஆளுங்க இருக்காங்க சாமி!"

"பத்து இல்லம்மா, நூறு."

"குழாயில பத்துதானே நிக்கும்?"

"குழாய் மில்லிமீட்டர். உத்தரவு பாஸ்கல்."

"எங்க வீட்டுக்காரரு எதுல மூச்சு விடுவாரு?"

இதற்குப் பதில் படிவத்தில் இல்லை. அவர் சக்கரத்தைத் தொட மறுத்து, கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். இஞ்சினியர் தோன் சென்தேனோவைப் பார்த்தார். தோன் சென்தேனோ என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. ஆகவே சக்கரத்தை நான் திருகினேன். இருபத்தெட்டு சுற்று. விசிறியின் இரைச்சல் தணிந்து, கொட்டகையில் நாங்கள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு சக்கரத்துக்குக் குறுக்கே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, அலுவலக முத்திரை குத்தினோம். அதைக் கிழிப்பவருக்கு வேலையும் கிடையாது, கம்பெனி வீடும் கிடையாது.

ஹிலாரியோன் அன்று சாயங்காலம் மேலே வந்தபோது, கதவு ஒற்றை விரலுக்குத் திறந்தது என்றார். அந்தப் பட்டையைக் கிழித்துவிடுவேன் என்று எமெத்தேரியா சொன்னாராம். "பொறு, கிழிக்காத. வீடு போயிரும். சங்கத்துல பேசியிருக்கோம், ஒரு வாரத்துல சரியாயிரும்" என்று அவர்தான் தடுத்தாராம்.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. காலை வெடிக்குப் பிறகு நான்காம் தளத்தில் புகை தங்கிவிட்டது. மூன்று பேர் உள்ளே இருந்தார்கள். கீழிருந்து டெலிபோன் மணி அடித்தது, பேச்சு வரவில்லை. எமெத்தேரியா முத்திரையைக் கிழித்துச் சக்கரத்தை இருபத்தெட்டு சுற்றும் திருப்பினார். இரண்டு பேர் தவழ்ந்து வந்து சேர்ந்தார்கள். ஹிலாரியோனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுரங்க வாசலில் இருந்த அத்தனை காற்றும் அவருக்கு எதற்கும் உதவவில்லை.

நான் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். கீழே இறங்கிப் போகத் துணிவில்லை. என் கையைப் பார்த்தேன், அழகாக எழுதும் கை. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குழு உடனே கூடி விசாரித்தது. கடமையில் நாங்கள் என்றும் தாமதித்ததில்லை. முதல் கேள்வி: முத்திரையைக் கிழித்தது யார்? இரண்டாவது: யாருடைய அனுமதியுடன்? மூன்றாவது கேள்வியாக அழுத்தம் எடுத்துக்கொள்ளப்பட்டது. சம்பவ நேரத்தில் அழுத்தம் சரியாக நூறு இருந்ததைக் குழு திருப்தியோடு கண்டறிந்தது. எனவே இறந்தவர் 'விதி அனுமதிக்கும் அளவைவிட அதிகமாகச் சுவாசித்திருக்கக் கூடும்' என்ற முடிவுக்கு வந்தோம். அந்த வாக்கியம் இஞ்சினியருடையது. 'கூடும்' என்பது மட்டும் நான் சேர்த்தது. சக்கரம் மறுபடி திருகப்பட்டது. புது முத்திரை விழுந்தது. கிழித்தவரின் வேலையைப் பற்றிய முடிவு, துக்கம் முடியட்டும் என்று ஒத்திவைக்கப்பட்டது.

பத்தாம் நாள், ஒன்பது நாள் துக்கம் முடிந்த மறுநாள் காலை, அலுவலகத்தைச் சுற்றி முந்நூறு பேர் நின்றார்கள். தொழிலாளர் சங்கத் தலைவர் வில்கா உள்ளே வந்தார். மிகவும் மரியாதையாக நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த இரண்டு வெடிக்குச்சிகளை உறுத்தாதபடி எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இஞ்சினியர், ஒங்க முடிவப் படிச்சோம். நூறு போதும்னு சொல்றீங்க."

"விதி சொல்லுது."

"நாங்க ஒத்துக்கிறோம். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு விண்ணப்பம். இன்னிக்கிக் குழுக் கூட்டத்த நாலாந்தளத்துல வச்சுக்கிடுங்க. காலை வெடி இப்பத்தான் முடிஞ்சுது."

"அங்க மேஜை இல்லியே!" என்றார் தோன் சென்தேனோ.

"போட்டாச்சு. நாலு நாற்காலியும் போட்டாச்சு. நானும் கூட உக்காருவேன்."

இஞ்சினியர் மேஜை மேலிருந்த குச்சிகளைப் பார்த்தார். கூட்டத்தின் இடம் மாற்றப்பட்டது, ஏகமனதாக.

கீழே இறங்கினோம். இரண்டாம் தளத்துக் கதவை இஞ்சினியர் தானே திறந்தார், முழங்கை பட்டதும் அது திறந்துகொண்டது. நான்காம் தளத்தில் புகை இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. பாறை வியர்த்தது. மேஜை மேல் ஒரு கார்பைடு விளக்கு. வில்கா நாற்காலியில் சாய்ந்து, கோக்கா இலை ஒன்றைக் காம்பு கிள்ளி வாயில் போட்டார்.

"பொருள் ஒன்று," என்று நான் வாசிக்க ஆரம்பித்தேன். "சென்ற கூட்டத்தின் குறிப்பை..."

"வாசிச்சதா வச்சுக்குவோம்," என்றார் இஞ்சினியர்.

"பொருள் இரண்டு."

விளக்கின் சுடர் சிறுத்தது. என்னையறியாமல் சுண்டுவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தோன் சென்தேனோ காலரைத் தளர்த்தினார். அப்புறம் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எனக்கு எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. நெற்றிக்குள் யாரோ துளை போடுகிற மாதிரி இருந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார் இஞ்சினியர். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

"பதினோரு நிமிசம்," என்றார் வில்கா. "எங்களுக்கு எட்டு மணி நேரம்."

தோன் சென்தேனோ மேஜை ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். விளக்கு அணைந்தது.

அந்த இருட்டில் இஞ்சினியர் ஆர்செ சுவரைத் தடவித் தடவி டெலிபோனைப் பிடித்ததும், அதன் கைப்பிடியைச் சுற்றியதும் எனக்குக் கேட்டது.

"விசிறி! விசிறியத் தெறங்க!"

மேலேயிருந்து டெலிபோன் வழியே எமெத்தேரியாவின் குரல், கறுப்புச் சால்வையோடு பத்தாம் நாள் வேலைக்கு வந்திருந்தவரின் குரல், நிதானமாக வந்தது. "எத்தனைக்கு வைக்கணும் இஞ்சினியர்?"

"எத்தனையோ ஒண்ணு! முழுசா! முழுசாத் தெற!"

"எந்த அலகுல?"

"மூச்சு முட்டுதும்மா! செத்துருவோம்மா! தெற தாயே!"

"முத்திரை இருக்கே?"

"கிழி!"

அவர் கேள்வி கேட்டுக்கொண்டே முத்திரையைக் கிழித்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இஞ்சினியர் 'கிழி' என்று சொல்லி முடிப்பதற்குள் புகை நகர்ந்தது. பிறகு ஒரு குளிர்ந்த இழுப்பு என் காதை உரசிக்கொண்டு போனது. காற்றுக்கு வாசனை உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தரையில் குப்புறக் கிடந்து, பாறையில் வாயை வைத்து, குழந்தைபோல அழுதேன்.

மேலே வந்து முகம் கழுவி, ஆளுக்கு ஒரு கோப்பை சூடான சோளக்கஞ்சி குடித்த பிறகு நிர்வாகம் தன் நிலைக்குத் திரும்பியது. அடைப்புப் பலகையைத் திறந்தால் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. தோன் சென்தேனோ அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். 'உத்தரவிட்டவர்' என்ற இடத்தில் இஞ்சினியர் பெயரை எழுதினேன். 'உத்தரவுக்கு ஆன நேரம்' என்ற இடத்தில் அரை நிமிடம் என்று போட்டேன். பதினொரு மாதமாக இந்தக் குழு எடுத்த முடிவுகளிலேயே மிக விரைவானது அதுதான். இஞ்சினியர்கூட அதைப் பார்த்துச் சற்றுப் பெருமைப்பட்டார்.

'காரணம்' என்ற கட்டம் பாக்கி இருந்தது. மூவரும் யோசித்தோம். கடைசியில் யாருக்கும் ஆட்சேபம் இல்லாத உண்மை ஒன்று கிடைத்தது. அதை நல்ல எழுத்தில் எழுதினேன்: 'சுரங்கத்தின் உள்ளே மனிதர்கள் இருந்தபடியால்.'

விசிறியைக் கவனிப்பவரின் கையெழுத்தும் வேண்டும். படிவத்தை நானே கொட்டகைக்கு எடுத்துப் போனேன். தோன்யா எமெத்தேரியா அதை வாங்கி, விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்:

"அதுக்கு முன்னாடி உள்ள இருந்தது யாருங்கய்யா?"